கறுப்புத் துணி யாருக்கு?

லைன் சூப்பர்வைசர் ஆனதுக்கப்புறம் என்ற தூக்கத்தைக் கெடுத்தது டார்கெட் இல்லைங்க. கறுப்புத் துணி.

பனியன் கம்பெனிக்குள்ள கால் வெச்சிருக்காதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லோணும். கறுப்புத் துணியில கறுப்பு நூல் போட்டு அடிச்சா தையல் எங்க விழுந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. நூல் அறுந்து வெறும் ஊசி குத்திக்கிட்டே போயிருந்தாலும் விரல்ல தடவிப் பார்த்தாத்தான் புடிபடும். தப்பாகிப் பிரிக்க உக்காந்தா நூலைப் பிரிக்கறமா துணியைக் கிழிக்கறமான்னு சந்தேகமாயிரும். வெள்ளைக்கும் அதுக்குண்டான தொல்லை இருக்குது, எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாப் போச்சு. ஆனா வெள்ளை கண்ணைத் திங்காது. பேட்லாக் மிசின்ல பாட்டம், அதாவது துணியோட அடி மடிப்பு, அடிக்கற நல்ல டெய்லர் வெள்ளையில மணிக்கு 110 பீஸ் தள்ளுனா, கறுப்புல 80 தாண்டறதுக்குள்ள கண்ணும் பொடனியும் இத்துப்போயிரும். எங்க லைன் பீஸ் ரேட்டு. வெள்ளையோ கறுப்போ, பீசுக்கு அதே காசு. காலையில 8.30க்குக் கட்டிங்ல இருந்து வர்ற பண்டிலை எந்த மிசினுக்குத் தள்ளறதுன்னு முடிவு பண்ற கைதான் சனிக்கிழமைச் சம்பளத்தையும் முடிவு பண்ணுது.

2024 ஆகஸ்ட்ல இருந்து அது என்ற கை. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைத் தொடங்கி வெச்ச அதே மாசம். எங்க ஊர்ல எல்லாரும் குட்டைக்குத் தண்ணி வருமான்னு பேசிக்கிட்டிருந்தாங்க, நான் எனக்கு வந்த வேலையை நெனச்சுக்கிட்டிருந்தேன்.

நாங்க 4 பேரு. பேரைச் சொல்லப்போறதில்லை. மூணு பேருமே நான் எழுதறதைப் படிக்கறவங்க, அதனால ஊர்ப் பேரையே வெச்சுக்கறேன். சேவூர்க்காரிக்கும் எனக்கும் ஒரே வயசு. ஊத்துக்குளி அக்கா எங்களுக்கு மூத்தவங்க. குன்னத்தூர்ப் புள்ள கடைசியா வந்து ஒட்டிக்கிட்டது. கம்பெனி பெருமாநல்லூர் பக்கம். பின்னாடி ஒரு புங்கமரம் இருக்குது, அதுக்கு அடியிலதான் 4 தூக்குப்போசியையும் திறப்போம். அவங்கவங்க சோத்தை அவங்கவங்க தின்னதே கிடையாது. அக்கா கொண்டுவர்ற தயிர் எனக்கு, நான் கொண்டுபோற அரிசியும் பருப்பும் சாதம் குன்னத்தூர்ப் புள்ளைக்கு. அப்படியே வருசக்கணக்காப் போயிருச்சு.

சேவூர்க்காரியைப் பத்தித் தனியாச் சொல்லோணும். நான் இந்த வேலைக்குக் கைமடியாத்தான், டெய்லருக்கு எடுபிடியாத்தான் வந்தேன். டீ நேரத்துல எல்லாரும் வெளிய போனதும் தன்னோட மிசின்ல என்னை உக்கார வெச்சு, மூணு ஊசி அஞ்சு நூல் கோக்கறதுல இருந்து துணியை இழுக்காம வுடறது வரைக்கும் சொல்லிக்குடுத்தது அவதான். 2011 ஜனவரி கடைசியில, நொய்யல்ல சாயக்கழிவு கலக்கற வழக்குல உயர் நீதிமன்றம் சொல்லி சாயப்பட்டறையெல்லாம் மூடினாங்க. நொய்யல் பக்கத்து விவசாயிங்க வருசக்கணக்காப் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்லை. ஆனா சாயம் ஏறாம துணி இல்லை, துணி இல்லாம தையல் இல்லை. வாரத்துல ரெண்டு நாளு வேலை, அப்பறம் அதுவும் இல்லை. என்ற பையனுக்கு அப்ப ஒன்றரை வயசு. அவ ஊட்டுல இருந்து பாலும் அரிசியும் எத்தனை தடவை வந்துச்சுன்னு நான் எண்ணி வெச்சுக்கலை. எண்ணக்கூடாதுன்னு அவளே சொன்னா.

இன்னொண்ணும் மறைக்காமச் சொல்லிப்போடறேன். எங்க நாலு பேருல, ஏன், அந்த லைன்லயே நல்ல டெய்லர் அவதான். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூணு மிசினும் ஓட்டுவா. பழைய சூப்பர்வைசர் வேலையை வுட்டுப் போனப்ப அந்த இடம் அவளுக்குத்தான்னு நானே நெனச்சேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டதுக்குக் காரணம் நான் பிளஸ் டூ. மணிக்கணக்குப் போர்டு எழுதோணும், மெயில் பார்க்கோணும், ஆடிட் வந்தா பதில் சொல்லோணும். அவ எட்டாவதோட நின்னவ. சேதி கேட்டதும் அவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "செரி, இனி மேல நம்ம ஆளு ஒண்ணு இருக்குது"ன்னா. எனக்குக் கண்ணு நனைஞ்சிருச்சு. 'நம்ம ஆளு'ங்கற வார்த்தையை அன்னைக்கு நான் பெருமையாத்தான் கேட்டேன்.

முதல் மூணு மாசம் எல்லாம் நல்லாப் போறதா நெனச்சேன். யாரும் என்கிட்ட ஓரியாட்டம் பண்ணலை. டார்கெட் வந்துச்சு. நவம்பர்ல ஒரு நாள் 14ஆம் மிசின்ல நூல் மாட்டிக்கிச்சுன்னு போனேன். ஒடிசாவுல இருந்து வந்த பொண்ணு, 22 வயசு இருக்கும். தமிழ்ல அதுக்கு அப்பத் தெரிஞ்சது 'அக்கா', 'செரி', 'நாளைக்கு' இந்த மூணுதான். மிசின் ஓரத்துல ஒரு சின்ன நோட்டு கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தேன். எழுத்து ஒடியா, எனக்குப் புரியலை. எண்ணு புரிஞ்சது: தேதி, பீஸ் கணக்கு. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்துலயும் ஒரு வட்டம் போட்டிருந்துச்சு. சில வட்டம் வெறுசா, சில வட்டம் பேனாவுல அப்பி நிரப்புனது. நிரப்புன வட்டத்துக்கு நேரா 600, 620. வெறும் வட்டத்துக்கு நேரா 850, 900.

நிரப்புன வட்டம் கறுப்புத் துணி.

எண்ணிப் பார்த்தேன். 18 வேலை நாள்ல 14 வட்டம் நிரப்பியிருந்துச்சு. லைன்ல பாட்டம் அடிக்கறது 6 பேட்லாக். பங்கு வெச்சுக் குடுத்திருந்தா அதுக்கு அந்த மூணு வாரத்துல மூணு நாள்தான் வந்திருக்கோணும். சேவூர்க்காரிக்கு எத்தனை நாள் குடுத்தேன்னு பொழுதோட உக்காந்து போர்டுக் கணக்கைப் புரட்டினேன். ஒரு நாள். குன்னத்தூர்ப் புள்ளைக்கு ஒண்ணு கூட இல்லை.

நான் வேணும்னு பண்ணலை. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்கவும் மனசு வரலை. ஒவ்வொரு நாளும் பண்டிலைத் தள்ளறப்ப, யாரு மூஞ்சியைச் சுளிச்சா எனக்கு வலிக்குமோ அவங்களை வுட்டுப்போட்டு, யாரு சுளிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாதோ அந்தப் பக்கம் என்ற கை போயிருக்குது. பீசுக்கு 90 பைசா, ஒரு நாளைக்கு 250 பீஸ் கம்மின்னா 225 ரூபாய். 14 நாளுக்கு 3,150. நான் என்ற சிநேகிதிங்களுக்குக் குடுத்த சலுகைக்கு இந்தப் பொண்ணு மூணு வாரத்துல கட்டுன காசு அது. நான் கட்டலை. கம்பெனி கட்டலை.

அந்த நோட்டை அது யாருகிட்டயும் காட்டலை, புகார் சொல்லலை. சும்மா எழுதி வெச்சிருந்துச்சு. அன்னைக்கு ரவைக்கு எனக்குச் சோறு எறங்கலை.

மறுநாளே போர்டு ஓரத்துல சாக்பீஸ்ல எழுதினேன்: கறுப்பு முறை. மிசின் நம்பர் 9, 10, 11, 12, 14, 16. இன்னைக்கு 9னா நாளைக்கு 10. நேவி புளூவும் அதுலயே சேர்த்தி. ஆளு வரலைன்னா அந்த முறை அவங்க திரும்பி வர்ற நாளைக்கு. அதோட மேனேஜர்கிட்ட ஒவ்வொரு பேட்லாக்குக்கும் ஊசிக்கு மேல சின்ன எல்இடி லைட்டு கேட்டேன். ஆறு கேட்டு, ரெண்டு மாசம் கழிச்சு நாலு வந்துச்சு. அந்த நாலும் எந்த மிசினுக்குன்னு நிக்காம, முறை வர்ற மிசினுக்கு மாத்தி மாட்டிக்கற மாதிரி கிளிப் வெச்சு வாங்கினோம்.

11ஆம் மிசின் சேவூர்க்காரியோடது.

முறை வந்த முதல் நாள் அவ ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை வந்தப்ப பண்டிலைத் தொடாம என்னைப் பார்த்தா. "என்ற கண்ணு எப்படின்னு உனக்குத் தெரியாதா புள்ள?"

தெரியும். அதுதான் சிக்கலே. ஒரு வருசமாவே அவளுக்கு வெள்ளெழுத்து. 40ஐ நெருங்கறப்ப கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் விறைச்சுப் போயி பக்கத்துல இருக்கறது மங்கறது, எல்லாருக்கும் வர்றதுதான். ஊசியில நூல் கோக்க முடியாம, யாரும் பார்க்காதப்ப என்னைக் கூப்பிடுவா, நான் கோத்துக் குடுத்துட்டு வருவேன். கண்ணாடி போடச் சொன்னா கேக்க மாட்டா. கண்ணாடி போட்ட டெய்லரை வேற கம்பெனியில வேலைக்கு எடுக்க யோசிக்கறாங்கன்னு எங்க பக்கம் ஒரு பயம் இருக்குது. வயசைக் கூட்டிக் காட்டும், வேகம் இல்லைன்னு நெனப்பாங்கன்னு. என்கிட்ட ஒரு சிநேகிதியா அவ சொன்ன ரகசியம் அது. சூப்பர்வைசரா அதை வெச்சு அவளுக்கு முறையில விலக்குக் குடுத்தா, மத்த அஞ்சு பேருக்கும் காரணம் சொல்லோணும். சொன்னா ரகசியம் போச்சு. சொல்லாமக் குடுத்தா பழைய கதை.

"கண்ணாடி போடு, லைட்டு மாட்டித் தர்றேன். முறையை மாத்த மாட்டேன்"னேன். அவ பண்டிலை எடுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் நூல் கோக்க என்னைக் கூப்பிடலை.

பிப்ரவரியில ஊசி உடைஞ்சது.

பொழுது சாய 4 மணி. 4 வயசுக் குழந்தைங்க சைஸு, கறுப்பு டிசர்ட். அவ முறை. பேட்லாக் ஓட்டுனவங்களுக்கு அந்தச் சத்தம் எத்தனை இரைச்சல்லயும் கேக்கும், 'டக்'குனு. திரும்பிப் பார்க்கறப்ப அவ கை பைக்குள்ள போயி வெளிய வருது. சொந்தமா வெச்சிருந்த ஊசியை மாட்டறா.

இதுக்கு எங்ககிட்ட இருக்கற சட்டம் கடுசானது. உடைஞ்ச ஊசியோட எல்லாத் துண்டையும் கொண்டுபோய்க் குடுத்தாத்தான் புது ஊசி. துண்டுகளை ரிஜிஸ்டர்ல ஒட்டி, மிசின் நம்பர், நேரம், பேரு எழுதோணும். ஒரு துண்டு குறைஞ்சாலும் அந்த மிசினைச் சுத்தி இருக்கற பீஸ் மொத்தமும் நிறுத்தி மெட்டல் டிடெக்டர்ல போகோணும். சொந்த ஊசி வெச்சிருக்கவே கூடாது. மத்தப் பழுதுக்குக் கணக்கு வேற. 1,201ல இருந்து 3,200 பீஸ் வரைக்கும் உள்ள லாட்டுக்கு 125 பீஸ் எடுத்துப் பார்ப்பாங்க, ஏக்யூஎல், அதாவது எத்தனை பழுது வரைக்கும் பொறுத்துக்கலாம்ங்கற அளவு, 2.5ன்னா 7 பழுது வரைக்கும் பாஸ், 8 ஆனா லாட்டு திரும்பிரும். ஊசி முனைக்கு அந்தத் தயவு கிடையாது. ஒண்ணு கூட ஆகாது. ஒரு குழந்தையோட வயித்துல படற மடிப்பு அது.

நான் கிட்டப் போனேன். முனை கால் அங்குலத்துக்கும் கம்மியா உடைஞ்சிருக்குது, காணோம். "கீழதான் விழுந்திருக்கும், பெருக்கறப்பப் போயிரும், வுடு புள்ள"ன்னா. அப்பறம் மெல்லமா, "நம்ம ஆளுதானே நீயி."

நான் மிசினை நிறுத்தச் சொல்லிப்போட்டேன். காந்தத்தை வெச்சுக் கீழ பூரா தடவுனோம், கிடைக்கலை. அவகிட்ட இருந்த 60 சொச்சம் பீஸும் டிடெக்டருக்குப் போச்சு. முதல்ல 1.2 மில்லிமீட்டர் இரும்பு வெச்ச சோதனை அட்டையை 9 இடத்துல வுட்டுப் பார்த்துத்தான் பீஸை வுடுவாங்க. எல்லாப் பீஸும் சத்தமில்லாமப் போச்சு. கடேசியில மெக்கானிக் ஊசித் தட்டைக் கழட்டினாரு. துணியைத் தள்ளற பல்லுக்குப் பக்கத்துல அடைஞ்சிருந்த பஞ்சுக்குள்ள முனை இருந்துச்சு. மணி 5.50. ரெண்டு மணி நேரம் லைன் போச்சு. எல்லாருக்கும் கூலி போச்சு. ஒருத்தரும் என்ற மூஞ்சியைப் பார்க்கலை.

"பார்த்தியா, பீஸுல இல்லை"ன்னா அவ.

துண்டுகளை ரிஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டினேன். கடைசிக் கட்டத்துல ஒரு வரி மிச்சம். 'சொந்த ஊசி போடப்பட்டது'ன்னு எழுதறதா வேண்டாமா? அதைப் பார்த்தது நான் மட்டுந்தான். எழுதுனா எச்சரிக்கைக் கடுதாசி வரும், அந்த மாச இன்சென்டிவ் போயிரும். முனைதான் கிடைச்சிருச்சே, இனி யாருக்கு என்ன கெடுதல்னு மனசு கேட்டுச்சு. பக்கத்தைப் பின்னாடி திருப்பினேன். டிசம்பர்ல இதே தப்புக்கு 16ஆம் மிசின் பையனுக்கு நான் எழுதியிருந்தேன். என்ற கையெழுத்துதான். அவன்கிட்ட ஒரு வார்த்தை கூடக் கேட்டிருக்கலை.

எழுதினேன்.

அதுக்கப்புறம் வேன்ல அவ பின்னாடி சீட்டுக்குப் போயிட்டா. வருசக்கணக்கா என்ற பக்கத்துல உக்காந்தவ. பங்குனியில கொண்டத்துக் காளியம்மன் குண்டத்துக்கு அவ பூ மிதிக்கறதா வேண்டுதல் வெச்சிருந்தா. எப்பவும் லீவுன்னா வாயில சொல்றதுதான். குன்னத்தூர்ப் புள்ள ஒரு காயிதத்தைக் கொண்டுவந்து நீட்டுச்சு. 'மதிப்பிற்குரிய சூப்பர்வைசர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பிச்சு, 3 நாள் விடுப்பு வேண்டி, கீழ அவ கையெழுத்து. இத்தனை வருசத்துல அவ எனக்கு எழுதுன முதல் கடுதாசி. லீவு குடுத்தேன். அந்தக் காயிதத்தை ஆபீஸ் பைல்ல போடாம நான் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

புங்கமரத்துக்கு நான் போறதை அதுக்கு முன்னாடியே குறைச்சிருந்தேன். கோவத்துல இல்லை. பழைய சூப்பர்வைசரை அந்த மரத்தடியில நாங்க நாலு பேரும் அன்னாடும் வைஞ்சிருக்கோம். அப்படி வைஞ்சதுனாலதான் மத்தியானத்துக்கு மேல மறுபடியும் மிசின்ல உக்காரத் தெம்பு வந்துச்சு. அந்த இடத்தை நான் போயி அடைச்சுக்கிட்டா அவங்க எங்க போவாங்க? ஊத்துக்குளி அக்காகிட்ட இதைச் சொன்னேன். அவிய சிரிச்சுப்போட்டு, "நாங்க வைய வேண்டியதை முன்னாடியே வைஞ்சு முடிச்சர்றோம் கண்ணு, நீ கடேசிப் பத்து நிமிசம் வா"ன்னாங்க. இப்பவும் அப்படித்தான் போறேன். போசி மூடியில எனக்குத் தயிர் எடுத்து வெச்சிருப்பாங்க.

குண்டம் முடிஞ்சு திங்கக்கிழமை வந்தப்ப சேவூர்க்காரி கண்ணாடி போட்டிருந்தா. நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. வெய்யக்காலம் முடியறதுக்குள்ள வேன்ல ரெண்டு சீட்டு முன்னாடி வந்தா, ஆடியில என்ற பக்கத்துல. யாரும் மன்னிப்புக் கேட்டுக்கலை.

இத்தோட எல்லாம் நேராயிருச்சுன்னு எழுதத்தான் ஆசை. ஆனா கறுப்புத் துணி மாதிரி முறை வெச்சுப் பங்கு போட முடியாதது ஒண்ணு இருக்குதுங்க. எனக்கு முன்கூட்டியே தெரியற சேதி.

2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுச்சு. எங்க கம்பெனிக்குப் பாதி ஆர்டர் அந்தப் பக்கம். அந்த வாரம் வியாழக்கிழமை சூப்பர்வைசருங்களை மட்டும் கூப்பிட்டு, அடுத்த மாசத்துல இருந்து ஓவர்டைம் இல்லை, புது ஆளு எடுக்கறதில்லை, திங்கக்கிழமை நோட்டீஸ் ஒட்டற வரைக்கும் வெளிய பேச வேண்டாம்னாங்க. அன்னைக்குப் பொழுதோட வேன்ல சேவூர்க்காரி, நகையை வெச்சு மகளுக்கு ஸ்கூட்டர் எடுக்கப்போறேன், நாளைக்கு முன்பணம் கட்டோணும்னா. நான் சன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, "இப்ப வேண்டாம் புள்ள, தீபாவளி கழியட்டும்"னேன். ஏன்னு அவ கேக்கலை. என்ற கையை ஒரு தடவை அமுக்கிப்போட்டு வுட்டுட்டா. முன்பணம் கட்டலை.

இதைச் சொல்லாம இருந்திருக்கோணும்னு எனக்கு இப்பவும் தோணலை. 2011ல அரிசி குடுத்த கை அது. ஆனா புதங்கிழமை காலையில கேட்டுக்கு வெளிய 14ஆம் மிசின் பொண்ணு ஒரு சின்னப் புள்ளையோட நின்னுக்கிட்டிருந்துச்சு. அதே சாடை. தோள்ல துணிப்பை, கண்ணுல ரயில் தூக்கம். "அக்கா, தங்கச்சி"ன்னு சொல்லிச்சு. இப்ப அதுக்குத் தமிழ் நல்லாவே வருது. சனிக்கிழமை ஊர்ல இருந்து வண்டி ஏத்தச் சொல்லியிருக்குது, கைமடியாச் சேர்த்து வுடலாம்னு.

வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். சனிக்கிழமை டிக்கெட்.

நோட்டீஸைக் காட்டி, ஆளு எடுக்கலைன்னு சொன்னேன். அது போர்டைப் பார்த்துச்சு, தங்கச்சியைப் பார்த்துச்சு, "செரிக்கா"ன்னு சொல்லுச்சு. பெருமாநல்லூர்ல உள்நாட்டு ஆர்டர் மட்டும் செய்யற ஒரு சின்னக் கம்பெனி எனக்குத் தெரியும். மத்தியானம் போன் பண்ணிக் கேட்டேன், வாரத்துக்கு மூணு நாள் வேலை இருக்குதுன்னாங்க. தங்கச்சியை அங்க தாட்டி வுட்டோம். போசியில மிச்சம் இருந்த சோத்தை ஊத்துக்குளி அக்கா அது கையில குடுத்து அனுப்பினாங்க.

அன்னைக்குக் கறுப்பு முறை 14ஆம் மிசினுக்கு. நான் பண்டிலைத் தள்ளிக்கிட்டுப் போறப்ப அது நோட்டை எடுத்துத் தேதி எழுதிக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல ஒரு வட்டம் போட்டுச்சு. நான் லைட்டை மாட்டிக் குடுத்துட்டு, அது வட்டத்தை நிரப்பி முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னேன்.